பழைய இரும்புக்குப் புதிய மூளை

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பது பழமொழி. யானைக்குப் பொருந்தும் இப்பழமொழி இயந்திரத்துக்குப் பொருந்துவதில்லை. ஓடுகிற வரையில் பல இலட்சம் பெறும் ஒரு கடைசல் இயந்திரம், நின்றுபோன மறுநாளே கிலோக் கணக்கில் விலை பேசப்படும் பழைய இரும்பாகிவிடுகிறது. நெல்லை நகரின் இரும்புக் கடைகளைச் சுற்றி வந்தால், வயிற்றுப்பாட்டுக்காக விற்கப்பட்ட இயந்திரங்களை எத்தனையோ காணலாம். அவற்றுள் பலவற்றுக்கு உடலில் ஒரு நோயும் இல்லை. மூளை மட்டுமே செத்திருக்கிறது. மூளை செத்ததற்காக உடலையும் எரித்துவிடுகிறோம்.

இது வீண் என்பது என் கருத்து. பழைய சி.என்.சி. லேத் ஒன்றின் செத்துப்போன மின்னணுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, இன்றைய கணிப்பொறியையும் புதிய மின்னணுக் கருவிகளையும் பொருத்தி அதை மீண்டும் ஓடவைக்க முடியும். அவ்வாறு செய்வது ஏழைப் பட்டறைகளுக்கு வேண்டிய கலை. அந்தக் கலை பொறியியற் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. கலைக் கல்லூரியில் படிக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு. இக்கருத்தை நம் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

உடலும் மூளையும்

கடைசல் என்பது நம் பகுதிக்குப் புதிய சொல்லன்று. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை வைத்து விளையாடாத நெல்லைக் குழந்தை உண்டா? மஞ்சள் கடம்பு போன்ற மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியை அதன்மேல் வைத்து, உருண்டையாகவும் குடமாகவும் கடைந்தெடுத்து, அரக்குச் சாயம் ஏற்றுவார்கள். முன்னாளில் கயிற்றை இழுத்துக் கையாலேயே சுழற்றினார்கள். பின்னாளில் கையின் இடத்தில் மின்மோட்டார் வந்தது. பட்டறை அதே பட்டறை, உளி அதே உளி, கலைஞரின் கண் அதே கண். மாறியது சுழற்றும் விசை மட்டுமே. பழையதை வீசாமல் புதியதை ஏற்றுவது நமக்குத் தெரியாத வித்தையன்று என்பதற்கு இதுவே முதல் சான்று.

இரும்பைக் கடையும் லேத்தும் அடிப்படையில் இதுதான். வேலைத்துண்டைக் கவ்விச் சுழற்றுவது சக்கு. அதன் முன்னே நீண்டு கிடக்கும் வார்ப்பிரும்புப் படுகையைப் ‘பெட்’ என்பர். பெட்டின்மேல் இடமும் வலமுமாக நகர்வது சேடில். சேடிலின்மேல் முன்னும் பின்னுமாக நகரும் பகுதியில் டூல் பூட்டப்பட்டிருக்கும். சாதாரண லேத்தில் இந்த இரு நகர்வுகளையும் டர்னர் தம் கையால் சக்கரத்தைச் சுற்றி நடத்துகிறார். சி.என்.சி. லேத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு திருகும் அதைச் சுற்ற ஒரு மோட்டாரும் உண்டு. எவ்வளவு நகர வேண்டும், எந்த வேகத்தில் நகர வேண்டும் என்பதை எண்களாக எழுதிக் கொடுத்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டார்களுக்கு ஆணையிடுகிறது. “ஜி 01, இசட் கழித்தல் 40, எஃப் 0.2” என்று ஒரு வரி எழுதினால், ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் நேர்கோட்டில் அந்த இடம் வரை டூல் சென்று நிற்கும்.

ஆக, இயந்திரத்தில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன: ஒன்று இரும்பு, மற்றொன்று மின்னணு. இவ்விரண்டின் ஆயுளும் ஒன்றன்று. நல்ல வார்ப்பிரும்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் உள்ளிறுக்கம் தளர்ந்து நிலைபெறுகிறது. பழைய வார்ப்புக்கு வளையும் குணம் குறைவு என்று அனுபவசாலிகள் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. மின்னணுப் பெட்டியின் கதை வேறு. அதிலுள்ள மின்தேக்கிகள் வெப்பத்தில் உலர்ந்து போகின்றன. மின்விசிறி நின்றால் அட்டைகள் கருகுகின்றன. இயந்திரத்தின் அளவுகளையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் சில்லுக்கு ஒரு சிறு பேட்டரிதான் உயிர். அந்தப் பேட்டரி தீர்ந்தால் இயந்திரம் தன் கை கால்களின் நீளத்தையே மறந்துவிடுகிறது. மாற்று அட்டை வாங்கலாம் என்றால், செய்த நிறுவனமே அந்த வகையைக் கைவிட்டு ஆண்டுகள் பல ஆகியிருக்கும். நூறாண்டு வாழத்தக்க உடலுக்கு இருபதாண்டு மூளை என்பதே சி.என்.சி. இயந்திரத்தின் தலையெழுத்து.

முதல் இயந்திரமே பழைய இயந்திரம்

‘பழைய இயந்திரத்தில் புதிய மின்னணுவா? அது ஒட்டுப்போட்ட சட்டை ஆயிற்றே!’ என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்கள் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். எண்களால் இயங்கும் இயந்திரம் என்ற எண்ணத்துக்கு வித்திட்டவர் அமெரிக்கரான ஜான் பார்சன்ஸ். ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு வெட்ட அவர் முயன்றார். அம்முயற்சி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கைக்குச் சென்று, 1952 இல் உலகின் முதல் எண்முறை இயந்திரம் மக்கள் முன் ஓடிக்காட்டப்பட்டது. அந்த இயந்திரத்தை அவர்கள் புதிதாக வார்த்தெடுத்தார்களா? இல்லை. சின்சினாட்டி நிறுவனம் செய்த ‘ஹைட்ரோடெல்’ என்ற சாதாரண மில்லிங் இயந்திரத்தை எடுத்து, அதன் கைச்சக்கரங்களின் இடத்தில் மோட்டார்களைப் பொருத்தி, வெற்றிடக் குழாய்களால் ஆன பெரிய கட்டுப்பாட்டு அலமாரி ஒன்றை அதனுடன் இணைத்தார்கள். அதாவது, உலகின் முதல் எண்முறை இயந்திரமே மூளை மாற்றிய இயந்திரம்தான்! ஒட்டுப்போட்ட அந்தச் சட்டையிலிருந்துதான் இத்தனை பெரிய தொழில் பிறந்தது.

நம் நாட்டிலும் இரும்புக்குப் பஞ்சமில்லை. 1953 இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. முதலில் செய்து தந்ததும் லேத்தே. 1962 இல் கோவையில் நூற்பாலை இயந்திரங்கள் செய்யத் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பின்னாளில் சி.என்.சி. லேத்களும் செய்தது. இப்படிப் பல இடங்களில் பிறந்த இயந்திரங்கள் பெரிய ஆலைகளில் உழைத்து, ஏலத்தில் விலைபோய், கைமாறிக் கைமாறி நம் ஊர்ப் பட்டறைகளை வந்தடைகின்றன. பெரிய ஆலைக்கு அது கழித்த பொருள். சிறிய பட்டறைக்கு அதுவே முதல் சி.என்.சி. இயந்திரம்.

வெள்ளம் சொல்லிய பாடம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நெல்லையும் தூத்துக்குடியும் எளிதில் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு, சந்திப்புப் பகுதியின் தாழ்வான தெருக்களில் புகுந்தது. என் பெரியப்பாவின் லேத் பட்டறையும் அத்தகைய தெரு ஒன்றில்தான் இருக்கிறது. ஓர் ஆலை ஏலத்தில் எடுத்த பழைய சி.என்.சி. லேத் அங்கே மூன்று குடும்பங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

நீர் வடிந்தபின் பார்த்தால், இயந்திரத்தின் இடுப்பு வரை வண்டல். பெட்டையும் சக்கையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துரு தேய்த்து, எண்ணெய் பூசியதும் அவை பழையபடி மின்னின. ஆனால் மின்னணுப் பெட்டி எழுந்திருக்கவில்லை. அந்த வகைப் பெட்டி இப்போது செய்யப்படுவதில்லை, புதிய இயந்திரம் வாங்குவதே வழி என்று விற்பனைப் பிரதிநிதி கூறிச் சென்றார். அடுத்த வாரமே பழைய இரும்புக்காரர் வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, தண்ணி குடிச்ச மிஷின் இனிமே எந்திரிக்காது. பேசாம எடைக்குப் போட்டுருங்க.”

“பெட்டைத் தட்டிப் பாரும்வே” என்றார் பெரியப்பா. “மூளைதான் செத்திருக்கு. உடம்பு செத்தா போச்சு?”

அவர் போனபின் என்னைப் பார்த்து, “ஏலே, நீ பிசிக்ஸ்தானே படிக்கே? இதுக்கு ஒரு வழி சொல்லுவியா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் தாய் எனலாம்.

கோவையில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த பட்டயப் படிப்பு அண்ணாச்சி ஒருவர் முன்னின்று செய்தார். நான் ஆங்கிலக் கையேடுகளைப் படித்துத் தமிழில் குறிப்பெழுதினேன். மின்கம்பி இணைப்புகளைப் படமாக வரைந்தேன். எட்டு மாதங்கள் ஆயின. 2024 ஆவணியில் அந்த லேத் ஒரு பம்பு சாஃப்டைக் கடைந்து கொடுத்தது. புதிய இயந்திரத்தின் விலையில் நான்கில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை என்பது பெரியப்பாவின் கணக்கு. கூலி வாங்காமல் உழைத்த நாட்களை அவர் அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திருகு அளவியில் தொடங்கும் வித்தை

அந்த எட்டு மாதங்களில் நான் கண்டு வியந்தது ஒன்றுண்டு. அங்கே பேசப்பட்டவை பெரும்பாலும் நம் இயற்பியல் ஆய்வகத்தில் பேசப்பட்டவையே.

திருகு அளவியை நினைத்துப் பாருங்கள். தலையை ஒரு சுற்றுச் சுற்றினால் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. தலைக்கோலில் 100 பிரிவுகள். ஆகவே மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். சி.என்.சி. லேத்தின் திருகும் இதே கதைதான். திருகின் புரியிடை 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் முதுகில் இருக்கும் என்கோடர் என்ற கருவி ஒரு சுற்றை 10,000 துடிப்புகளாகப் பிரித்துக் காட்டுகிறது. 5 மில்லிமீட்டரை 10,000 ஆல் வகுத்தால் 0.0005 மில்லிமீட்டர்; அதாவது அரை மைக்ரான். திருகு அளவியின் தலைக்கோலை ஒளியாலும் மின்சாரத்தாலும் படிக்கும் ஏற்பாடே என்கோடர்.

திருகை ஒரு பக்கம் சுற்றிவிட்டு மறுபக்கம் திருப்பும்போது தொடக்கத்தில் சிறிது தூரம் ஒன்றும் நகராது. இதையே பேக்லாஷ் பிழை என்று ஆய்வகத்தில் கற்றோம். ‘ஒரே திசையில் மட்டும் திருப்பி அளவெடு’ என்று ஆசிரியர் எச்சரித்தார். லேத்திலோ ஒரே திசையில் மட்டும் நகர முடியாது. அதனால்தான் திருகுக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் ஓடும் பால் ஸ்குரூவைப் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சும் சிறு பேக்லாஷை டயல் கேஜ் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கணிப்பொறியிடம் சொல்லிவிட்டால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது அத்தனை துடிப்புகளைக் கூடுதலாக அனுப்பிச் சரிசெய்துகொள்கிறது.

மரை வெட்டும் வேலை இன்னும் சுவையானது. 2 மில்லிமீட்டர் மரை வேண்டுமானால், சக்கு ஒரு சுற்றுச் சுற்றும்போது சேடில் மிகச் சரியாக 2 மில்லிமீட்டர் நகர வேண்டும். சாதாரண லேத்தில் பல்சக்கரக் கோவை இதைப் பார்த்துக்கொண்டது. சி.என்.சி.யில் பல்சக்கரம் இல்லை, கணக்குதான் பல்சக்கரம். சக்கு நிமிடத்துக்கு 300 சுற்று ஓடினால், சேடில் நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மில்லிமீட்டர் செல்ல வேண்டும். டூல் இரும்பைக் கடிக்கும்போது சக்கின் வேகம் சற்றுக் குறைந்தால், சேடிலும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். சக்கோடு இணைத்த ஓர் என்கோடர் இச்செய்தியை இடைவிடாமல் தெரிவிக்கிறது. கணிப்பொறி ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்தால், இரு கணக்குகளுக்கு இடையே சேடில் 10 மைக்ரான்தான் நகர்ந்திருக்கும். ஆனால் வீட்டுக் கணிப்பொறியைப் போல இருபது மில்லிவிநாடி வேறு வேலையில் மூழ்கிவிட்டால், அதற்குள் சேடில் 0.2 மில்லிமீட்டர் ஓடிவிடும், மரை பாழ். ஆகவேதான் இவ்வேலைக்கு நேரம் தவறாத கணிப்பொறி வேண்டும் என்கிறார்கள்.

அத்தகைய மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது என்பது மகிழ்ச்சியான செய்தி. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990களில் இயந்திரக் கட்டுப்பாட்டுக்காக ஒரு மென்பொருளை உருவாக்கி, எவரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் விட்டது. அதன் வழித்தோன்றலே இன்று லினக்ஸ் சி.என்.சி. என்ற பெயரில் பல நாட்டுத் தன்னார்வலர்களால் வளர்க்கப்படுகிறது. அதன் உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம், மாற்றலாம். பூட்டிய பெட்டியை விற்றுவிட்டுச் சாவியை வைத்துக்கொள்ளும் வாணிபத்துக்கு இது நேர்மாறான வழி. நம்மைப் போன்ற எளியவர்களுக்கு உகந்த வழியும் இதுவே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உயிரோடு தொடர்புடையவற்றை மென்பொருளை நம்பி விடலாகாது. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால், கணிப்பொறி விழித்திருந்தாலும் உறங்கினாலும், மோட்டார்களுக்குச் செல்லும் மின்சாரம் கம்பி வழியாகவே அறுபட வேண்டும். சேடில் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட் சுவிட்சுகள், சரியான எர்த், மின்சாரக் கம்பியையும் செய்திக் கம்பியையும் தனித்தனியே கொண்டுசெல்லும் ஒழுங்கு ஆகியவற்றில் சிக்கனம் கூடாது. மலிவாகச் செய்கிறோம் என்பது ஒருவர் விரலை இழப்பதற்குச் சமாதானம் ஆகாது.

ஆறு கற்றுத் தருவது

பழைய உடலைக் காத்துப் புதிய ஆற்றலை ஏற்றும் இந்தக் கொள்கையைத் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியான திருவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. மதகின் பலகை துருப்பிடித்தால் பலகையை மாற்றினார்களே ஒழிய, அணையை இடித்துவிட்டுப் புதியது கட்டினார்களா?

பாபநாசத்தைப் பாருங்கள். 1880களில் ஹார்வி சகோதரர்கள் அங்கே பஞ்சாலை வைத்ததற்குக் காரணமே மலையிலிருந்து விழும் நீரின் ஆற்றல்தான். பின்னர், பைக்காரா, மேட்டூர் ஆகியவற்றை அடுத்து, 1944 இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 7 மெகாவாட் ஆற்றலுடைய நான்கு இயந்திரங்கள் அங்கே அமைந்தன. பல்லாண்டு கழித்துப் புதுப்பித்தபோது ஒவ்வொன்றும் 8 மெகாவாட்டாக உயர்ந்து, மொத்தம் 28 என்பது 32 ஆயிற்று. 143 அடி அணை அதே அணை. மலை அதே மலை. ஆறு அதே ஆறு. உள்ளே இருந்ததைச் செப்பனிட்டதால் வந்த ஆதாயம் அது. அரசாங்கம் மின்நிலையத்துக்குச் செய்த அதே சிந்தனையை ஒரு தெருவோரப் பட்டறை தன் லேத்துக்குச் செய்தால் அது எப்படி ஒட்டுவேலை ஆகும்?

எல்லாப் பழையதும் பொன்னன்று

பழையதெல்லாம் காக்கத்தக்கது என்று நான் வாதாட வரவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கயத்தாற்றுப் பக்கத்திலும் 1980களிலும் 1990களிலும் நட்ட காற்றாலைகள் பல 55 கிலோவாட், 225 கிலோவாட், 250 கிலோவாட் என்ற சிறிய அளவின. இன்றைய காற்றாலை ஒன்றே 2,000 கிலோவாட்டுக்கு மேல் தருகிறது. நல்ல காற்றடிக்கும் இடத்தைச் சிறியது அடைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே மூளையை மாற்றிப் பயனில்லை, உடலே சிறிது. அதைக் கழற்றிப் பெரியதை நடுவதே அறிவுடைமை.

லேத்திலும் இந்தப் பகுத்தறிவு வேண்டும். வாங்குமுன் டயல் கேஜை வைத்துச் சோதிக்க வேண்டும். குட்டையான வேலைகளே மிகுதியாக நடப்பதால் சக்குக்கு அருகில்தான் பெட் அதிகமாகத் தேய்ந்திருக்கும். கணிப்பொறியைக் கொண்டு பேக்லாஷைக் கணக்கில் கழிக்கலாம். ஆட்டத்தைக் கழிக்க முடியாது. பெட் தேய்ந்து, பால் ஸ்குரூ போய், ஸ்பிண்டில் பேரிங்கும் போயிருந்தால், அந்த இயந்திரத்துக்கு எடைக்கடையே தகுந்த இடம். நோயாளியைப் பார்க்காமலே வைத்தியம் தொடங்குகிறவன் நல்ல வைத்தியன் அல்லன்.

இன்னொரு தடையும் எழுப்பப்படுகிறது. ‘இயந்திரத்துக்கு மூளை வந்தால் டர்னருக்கு வேலை போகாதா?’ என்பது அது. இதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது; வயிற்றோடு தொடர்புடைய கேள்வி இது. பெரியப்பாவின் பட்டறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். மூத்த டர்னர் ஒருவர், டூல் இரும்பைக் கடிக்கும் ஓசையைக் கேட்டே “ஃபீடைக் குறை தம்பி, அதிருது” என்பார். கணிப்பொறிக்கு அந்தக் காது இல்லை. நிரலில் எழுத வேண்டிய வேகத்தையும் ஆழத்தையும் அவர் சொல்லித்தான் நாங்கள் எழுதினோம். அந்த இயந்திரம் எடைக்குப் போயிருந்தால்தான் அவருக்கு வேலை போயிருக்கும். மூளை மாற்றிய லேத் ஆளைத் துரத்தவில்லை. ஆள் இருந்த இடத்தை அவருக்குக் காத்துக் கொடுத்தது. ஆனால் எல்லா முதலாளிகளும் பெரியப்பா அல்லர் என்பதும் எனக்குத் தெரியும். பழைய தொழிலாளிக்கே புதிய பொறுப்பைக் கற்றுத் தருவோம் என்ற உறுதி இல்லாத இடத்தில், இந்த வித்தை கொடிய வித்தையாகவும் மாறலாம்.

மூன்றாவது தடையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. செய்து கொடுத்தவர் நாளை வெளியூர் போய்விட்டால் யார் பழுது பார்ப்பது? மூளை மாற்றிய இயந்திரம் அதை மாற்றியவரின் தலைக்குள் மட்டும் இருக்குமானால், அவர் போன அன்றே அது மீண்டும் சாகும். கம்பி இணைப்புப் படம் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட வேண்டும். அளவுகள் எல்லாம் ஏட்டில் எழுதப்பட வேண்டும். அதுவும் இயக்குபவர் படிக்கும் மொழியில் எழுதப்பட வேண்டும். எழுதி வைக்காத வித்தை எத்தனை நம் நாட்டில் சித்தர்களோடு மறைந்தது என்று பெருமூச்சு விடுகிறோம். அதே தவற்றை லேத் பட்டறையிலும் செய்யலாமா?

கலைக் கல்லூரிக்கு என்ன வேலை?

இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. இவ்வேலையை ஒரே துறையால் முடிக்க இயலாது. திருகும் துடிப்பும் இயற்பியல். வளைவான பாதையைச் சிறு சிறு நேர்கோடுகளாகப் பிரிப்பது கணிதம். புதியது வாங்குவதா, பழையதைப் புதுக்குவதா என்ற கணக்கு வணிகவியல் மாணவர்களுடையது. கையேட்டைத் தெளிந்த தமிழில் ஆக்குவது தமிழ்த் துறையின் திருப்பணி. எந்த ஆலையில் பிறந்து, எந்தப் பட்டறையில் இந்த இயந்திரம் உழைத்தது என்று எழுதி வைப்பது வரலாற்றுத் துறைக்கு ஏற்ற ஆய்வு. நம் கல்லூரியில் இத்தனை துறைகளும் ஒரே மதிற்சுவருக்குள் இருக்கின்றன. பொறியியற் கல்லூரிக்கு இல்லாத செல்வம் அன்றோ இது!

ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது: அரசு அலுவலகங்களிலும் பணிமனைகளிலும் ‘கண்டம்’ செய்யப்பட்டு ஏலத்துக்குப் போகும் இயந்திரங்களில் ஒன்றிரண்டை, ஏலத்துக்கு முன்னர் அரசுக் கல்லூரிகள் கேட்டுப்பெற வழி வேண்டும். எடைக்கு விற்றுக் கிடைக்கும் சில ஆயிரத்தைவிட, ஐம்பது மாணவர்கள் அதைக் கழற்றிப் பூட்டிக் கற்பது பெரிய வருவாய்.

இரண்டாவது: பேட்டையில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, நெல்லையில் அரசு பொறியியற் கல்லூரி இருக்கிறது. இவ்விரண்டோடும் நம் கல்லூரி கைகோத்து, ஆண்டுக்கு ஓர் இயந்திரத்துக்கேனும் புத்துயிர் ஊட்டலாம். அங்குள்ள மாணவருக்குக் கைத்திறன் உண்டு. நமக்குக் கணக்கும் எழுத்தும் உண்டு. 2022 இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கலைக் கல்லூரி மாணவருக்கும் திறன் வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தது. அந்தத் திறன் கணிப்பொறித் திரையோடு நின்றுவிடாமல் இரும்பையும் தொட வேண்டும்.

மூன்றாவது: முதலாண்டு ஆய்வகத்தில் திருகு அளவியின் பக்கத்தில் ஒரு பால் ஸ்குரூவையும் ஒரு என்கோடரையும் வைக்க வேண்டும். ‘மீச்சிற்றளவு யாது?’ என்ற வினாவுக்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவன், அந்த மீச்சிற்றளவு தன் ஊர்த் தெருவில் சோறு போடுகிறது என்பதையும் காணட்டும்.

நான்காவது: சி.என்.சி. இயந்திரத்தின் பழுதும் மருத்துவமும் பற்றிய எளிய தமிழ்க் கையேடு ஒன்றை நாமே எழுத வேண்டும். பட்டறையில் வழங்கும் சொற்களையே அதில் ஆள வேண்டும். டர்னர் அண்ணாச்சிக்குப் புரியாத தூய சொல்லால் யாருக்கு என்ன பயன்?

நண்பர்களே! நாம் பட்டம் பெற்று வெளியேறும்போது நம் முன்னே இரு வழிகள் தெரிகின்றன. ஒன்று, தேர்வு எழுதி அரசு வேலைக்குக் காத்திருப்பது. மற்றொன்று, சென்னைக்கோ பெங்களூருக்கோ இரயில் ஏறுவது. இரண்டையும் நான் குறைகூறவில்லை. ஆனால் நெல்லைத் தெருக்களில் நின்றுபோன இயந்திரங்கள் இருக்கும்வரை, அவற்றை எழுப்பத் தெரிந்தவனுக்கு இந்த ஊரிலேயே வேலை உண்டு என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். புதியதை வாங்கப் பணம் இருப்பவர் வாங்கட்டும். பணம் இல்லாதவரிடம் அறிவாவது இருக்க வேண்டும். அந்த அறிவைத் தருவதற்காகத்தானே ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கென்று அரசு இந்தக் கல்லூரியைக் கட்டியிருக்கிறது?